முகூர்த்தப் பட்டும் ஒரு வாய் காபியும்

எங்கள் வீட்டில் தினமும் மூன்று முறை ஃபேனை நிறுத்துவோம். நான்காவது முறை கடையில் நிறுத்துவார்கள். மே மாதத்துச் சென்னையில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, ஃபேனையும் நிறுத்தச் சொல்கிற மனைவியைப் பற்றி ஒரு புருஷன் என்ன நினைப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். முகமூடி போட்டிருப்பார், அதுவும் ஒரு காரணம்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, அவர் வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். சர்க்கரை கலந்த தண்ணீர்ப் பையைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கவேண்டும். சில மணி நேரம் அது உள்ளே கிடந்து, உடம்பிலிருக்கிற அழுக்கையும் அதிகப்படித் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். பிறகு அதைத் தரையில் கிடக்கிற காலிப் பைக்கு வடித்துவிட்டுப் புதுப் பை. இரண்டு லிட்டர் போட்டால் இரண்டு லிட்டருக்கு மேல் வரவேண்டும். அந்த மேல்மிச்சம்தான் எங்கள் சம்பாத்தியம். தூசி பறந்து குழாய்க்குள் போய்விட்டால் வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிடும் என்பதால்தான் ஃபேனுக்குத் தடை.

இதை எல்லாரும் ஐயோ பாவம் என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இந்தப் பை இல்லாவிட்டால் மிஷின்தான். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றவேண்டும். போக வர, காத்திருக்க என்று நாள் முழுக்கப் போய்விடும். பை வந்ததால் அவர் மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கு வேலைக்குப் போனார், நான் என் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாயங்காலம் இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். கல்யாணமாகிப் போன மகள் போனில் அழுதால் அவளுக்கு நான்தான் ஆறுதல் சொல்வேன்.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய ஜவுளிக்கடையில். பதினெட்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் ஜட்டி விற்கிற இடத்தில் தொடங்கி, படிப்படியாக மாடிக்கு ஏறி, கடைசியில் முகூர்த்தப் பட்டு செக்‌ஷனுக்கு வந்தவர். அங்கே வந்துவிட்டால் ஜவுளிக்கடையில் பெரிய ஆள். அம்மா, மகள், அத்தை, சம்பந்தி என்று ஒரு படையே வந்து உட்கார்ந்து நாற்பது புடவையைக் கலைத்துப் போட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். அத்தைக்குப் பிடித்தது மகளுக்குப் பிடிக்காது, மகளுக்குப் பிடித்தது மாமியாருக்கு ஆகாது. மூன்று பேருக்கும் பிடித்ததை நாற்பத்தோராவதாக எடுத்துப் போடுவார். 'அந்த ஒல்லியா ஒருத்தர் இருப்பாரே, அவர் இருக்காரா?' என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. வீட்டில் ஒரு துண்டை மடித்து வைக்கமாட்டார், அது வேறு விஷயம்.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். மத்தியானப் பையை மாற்றிக்கொள்ள, பில் போடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையை அண்ணாச்சி ஒழித்துக் கொடுத்திருந்தார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் விற்பனை ஆட்கள் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு சட்டமும் வைத்திருந்தார். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நின்றபடிதான். அந்தத் தெருவிலேயே வழக்கம் அப்படித்தான்.

அதனால் அந்தக் கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் சாயங்காலமானால் கால் வீங்கும். பெண்களுக்குக் கொலுசு பதியும், ஆண்களுக்குச் செருப்பு வார் பதியும். அதை ஒரு வியாதியாகவே அவர்கள் நினைப்பதில்லை. சட்டைக்கு அழுக்குப் படிகிற மாதிரி காலுக்கு வீக்கம். என் வீட்டுக்காரர் கால் வீங்கியபோது அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"நிக்கவன் காலு வீங்காம, உக்காந்திருக்கவன் காலா வீங்கும்?" என்றார்.

நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் என்னிடம் எடை மெஷின் இருந்தது. தண்ணீர் கோத்துக்கொள்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதையில்லை, தண்ணீர். உடம்பில் அதிகத் தண்ணீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடை இவ்வளவு என்று பெரிய டாக்டர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். காலையில் வயிற்றை வடித்ததும், வேட்டியும் பனியனுமாக அவர் மெஷினில் ஏறி நிற்பார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து முள்ளைப் பார்ப்பேன். அறுபத்திரண்டு. மறுநாளும் அறுபத்திரண்டு. மாதக்கணக்காக முள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மூன்றாம் வகுப்பு வாத்தியாரம்மா நான். ஒரு பிள்ளை எல்லாப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு வாங்கினால் எப்படி உச்சி குளிருமோ அப்படி இருந்தது எனக்கு.

அந்த வருஷம் வைகாசி, ஆனி இரண்டு மாதமும் நல்ல முகூர்த்தங்கள். கடையில் மூச்சுவிட நேரமில்லை என்பார். கொஞ்ச நாளில் நிஜமாகவே மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கள் மாடிப்படியில் பாதியில் நின்று, கீழ்வீட்டு மாமியிடம் ஏதோ முக்கியமான விஷயம் பேசுகிறவர் போலப் பேசுவார். மாமிக்கு இவர்மேல் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. படுக்கும்போது இரண்டாவது தலையணை கேட்டார். முதல் தலையணையில் பஞ்சு அமுங்கிவிட்டதாம். சட்டைக் காலர் தொளதொளவென்று இருந்தது. டெய்லர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிட்டான் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். நாற்பது புடவை கலைத்துப் போட்டுப் பழகிய வாய் அல்லவா?

மாதாமாதம் அடையாற்றில் பெரிய டாக்டரைப் பார்ப்போம். அந்த மாதம் டாக்டர் இவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்துவிடச் சொன்னார். சுத்தமாகத்தான் கேட்கிறது என்றார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதில் தெளிவாக ஒன்றும் இல்லை. காலை அமுக்கினார். விரல் பதிந்த குழி மேலே எழும்ப நேரமானது.

"அது நின்னு நின்னு வாரது டாக்டர். எங்க கடையில எல்லாருக்கும் இருக்கு" என்றார் இவர்.

"எடையும் ஏறலைங்க. ஒரே மாதிரிதான் இருக்கு" என்றேன் நானும் பெருமையாக.

டாக்டர் யோசித்தார். "கால் வீக்கம், பிரஷர், மூச்சு வாங்குது. ஆனா எடை ஏறலை, நெஞ்சும் கிளியரா கேக்குது. வயித்துச் சவ்வு பழசாகி, தண்ணிய முன்ன மாதிரி இழுக்கலையோன்னு தோணுது. அப்படின்னா பை போதாது. மிஷினுக்கு மாறிடறதுதான் சேஃப்" என்றார்.

மிஷின் என்றால் வாரத்தில் மூன்று நாள் கடை கிடையாது. மூன்று நாள் வராதவனுக்கு எந்தக் கடையும் முகூர்த்தப் பட்டைக் கொடுத்து வைக்காது. இந்த மனிதரிடமிருந்து அந்த செக்‌ஷனைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஆட்டோவில் திரும்பும்போது அவர் ஒரு ஓரமும் நான் ஒரு ஓரமுமாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். திரு.வி.க. பாலத்தில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்டுல சண்டையா?" என்று கேட்டார். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிஷினிலிருந்து இறங்குகிறவர்களுக்குத் தலை சுற்றும், தனியே அனுப்பக் கூடாது, கூட ஓர் ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கூட ஆள் என்றால் நான்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சரிடம், அதாவது எங்கள் தலைமை ஆசிரியையிடம், மிஷின் என்று முடிவானால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிவைத்தேன். இருபது வருஷ வேலை. அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாதே என்றார்கள். வீட்டில் இதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. தன் வேலை போகப்போகிறதே என்று தவிக்கிற மனுஷரிடம் என் வேலையைப் பற்றி என்ன பேச்சு?

நல்லவேளையாக, கடைசி முடிவு எடுப்பதற்கு முன் பெரிய டாக்டர் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றார். நுரையீரலைச் சுற்றி எங்காவது தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க. ஸ்கேன் எடுக்கிற இடம் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டின் முன்பகுதி. டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மயிலாப்பூர்க்காரர், பரம்பரையாக எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி. கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவே என் வீட்டுக்காரர் ஒருவர்தான் ஆண். கூச்சத்தில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, பக்கத்திலிருந்த மாமியார்க்காரியிடம் வளைகாப்புக்கு எந்தக் கலரில் புடவை எடுத்தீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல்லைத் தடவி, சோப்புக் கட்டி மாதிரி ஒன்றை வைத்து விலாவுக்கு விலா நகர்த்திப் பார்த்தார் டாக்டரம்மா. தேங்கிய தண்ணீர் எதுவும் இல்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் கையை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அதே இடங்களை வைத்துப் பார்த்தார்.

"இங்க வந்து பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார். கருப்பு வெள்ளைத் திரையில் மேலே ஒரு வெள்ளைக் கோடு, மூச்சுக்குத் தக்கபடி நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கோட்டிலிருந்து கீழே, திரையின் அடிவரை, வெள்ளை வெள்ளையாகச் சரங்கள் இறங்கின. பூக்காரி கூடை விளிம்பில் மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டிருப்பாளே, அந்த மாதிரி.

"நன்னா இருக்கற நுரையீரல்ல காத்துதான் இருக்கும். காத்தை இந்த மெஷினால பாக்க முடியாது. அதனால இந்தக் கோட்டோட நின்னுடும். இந்த மாதிரி கீழ இறங்கிண்டு இருக்கறதை நாங்க மெஷினோட கோளாறுன்னு ஒதுக்கிடுவோம். ஆனா ஒரு ரெண்டு வருஷமா நான் கவனிச்சிண்டு வரேன். மூச்சு வாங்கறவாளுக்குத்தான் இது நிறைய வரது. வெளிநாட்டுலயும் சில பேர் இதைச் சொல்ல ஆரம்பிச்சிருக்கா. நுரையீரல் உள்ளுக்குள்ள ஈரமா இருந்தாத்தான் இப்படின்னு நான் நெனைக்கறேன்" என்றார்.

"நெனைக்கீங்களா, நிச்சயமா?" என்றார் படுத்திருந்தவர். ஜரிகை அசல்தானா என்று சரக்குக் கொண்டுவருகிறவரிடம் கேட்கிற குரல்.

டாக்டரம்மா கோபப்படவில்லை, சிரித்தார். "நிச்சயம்னு ரிப்போர்ட்ல எழுத எனக்கு தைரியம் வரலை. ஆனா உங்க டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லத் தைரியம் இருக்கு" என்றார். நாங்கள் அங்கே இருக்கும்போதே போன் செய்தார். பேசிவிட்டு வந்து, இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். முகூர்த்தப் பட்டு செக்‌ஷன் என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அடுத்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும், உங்களிடம்தான் வருவேன் என்றும் டாக்டரம்மா சொல்ல, நெஞ்சு முழுக்க ஜெல்லோடு என் வீட்டுக்காரர் அரக்கில் மாம்பழ மஞ்சள் பார்டர் எடுக்கலாம் என்று சிபாரிசு செய்தார்.

பெரிய டாக்டர் முதலில் இதை நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யோசித்திருக்கிறார். அடுத்த தடவை போனபோது இவரை எழுந்து நிற்கச் சொல்லி, தோளையும் புஜத்தையும் பிடித்துப் பார்த்தார். தொளதொளத்த காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எடை மாறலை மாறலைன்னு சொன்னீங்களே, அங்கதாம்மா எல்லாரும் ஏமாந்துட்டோம். நானும்தான். வயித்துல எந்நேரமும் சர்க்கரைத் தண்ணி இருக்கறதால இவருக்குப் பசிக்கலை. சதை கரைஞ்சிருக்கு. கரைஞ்ச இடத்துல தண்ணி வந்து உக்காந்திருக்கு. கூட்டிக் கழிச்சா அதே நம்பர்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நூற்றுக்கு நூறு வாங்குகிறான் என்று நான் கொண்டாடிய பிள்ளை இவ்வளவு நாளாகக் காப்பியடித்திருக்கிறது.

இருக்கவேண்டிய எடை இனிமேல் நான்கு கிலோ குறைவு என்றார் டாக்டர். சர்க்கரை கூடுதலாக உள்ள, தண்ணீரை அதிகம் இழுக்கிற கெட்டியான பைகளை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கவேண்டும், தண்ணீரைக் குறைக்கவேண்டும், சதை ஏற முட்டை வெள்ளைக்கரு சாப்பிடவேண்டும். "ஆடி முடியறவரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள இறங்கலைன்னா சவ்வு போச்சுன்னு அர்த்தம். அப்புறம் என்கிட்ட தர்க்கம் பண்ணக் கூடாது. மிஷின்தான்."

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் மிலிட்டரி ஆட்சி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில் ஒன்றை வாங்கி, ஒரு நாளைக்கான தண்ணீரை அதில் நிரப்பிக் கொடுத்தேன். காபி, மோர் எதுவானாலும் அந்தக் கணக்குக்குள்தான். சாம்பாரில் உப்பு இல்லை, ரசமே இல்லை, அப்பளத்தை வீட்டைவிட்டே துரத்தினேன். கீழ்வீட்டு மாமி முட்டை வாசனைக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறவர். அதனால் மாமி கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து முட்டையை அவித்து, ஓடுகளைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் லஸ் முனைக் குப்பைத்தொட்டியில் போடுவேன். ஒரு நாள் மறந்துபோய் வகுப்பில் சாக்பீஸுக்குக் கைவிட்டு முட்டை ஓட்டை எடுத்தேன். பிள்ளைகள் அன்று முழுக்கச் சிரித்தார்கள்.

இவ்வளவு செய்தும் முள் இறங்கவில்லை. கெட்டிப் பை நன்றாகத்தான் இழுத்தது. வடித்த பையைத் தராசில் மாட்டினால் மேல்மிச்சம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அப்படியென்றால் சவ்வு போகவில்லை. வெளியே போகிற தண்ணீர் வேறு எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் இல்லை, அதற்கு நான் ஜவாப்தாரி. பிறகு எங்கே? கேட்டால், கடையில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படுவதில்லை என்று சத்தியம் செய்தார். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் பெரிய டீச்சர் தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவேண்டும், உன் வீட்டுக்காரர் கடைக்கே போகலாம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஜனக்கூட்டத்தில் முட்டி மோதி, கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்வது போலவே, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். கட்டின பெண்டாட்டிக்கு அந்த மரியாதை புதிதாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் வாடாமல்லிக் கலரில் ஒன்றை எடுத்துப் போட்டார். பெரிய டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. முடிந்தது.

உடனே ஓர் ஆள் தட்டோடு வந்தான். தட்டில் எவர்சில்வர் தம்ளர்களில் காபி, ஒரு கிண்ணத்தில் காராபூந்தி. கூறைப் புடவை முடிவானால் அந்தக் கடையில் இது சம்பிரதாயமாம். பெண் வீட்டார் காபி குடிக்கவேண்டும். புடவையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்களோடு சேர்ந்து ஒரு வாய் குடித்து, இரண்டு பூந்தி வாயில் போட்டுக்கொள்ளவேண்டும். வாய் நனைக்காமல் புடவையைப் பையில் போட்டால் மங்கலமில்லை என்று அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். எத்தனையோ வருஷமாக அந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன், இப்படி ஒன்று இருப்பதை ஒரு நாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

அவர் கை பழக்கத்தில் தம்ளரை எடுத்துவிட்டது. உதடு வரைக்கும் போனது. அப்போதுதான் எதிரே வாடிக்கையாளராக உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. தம்ளர் அப்படியே நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்ட மூன்றாம் வகுப்புப் பையனின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே முகம்.

நான் எழுந்து போய் அந்தத் தம்ளரை வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். பிறகு என் காபியையும் குடித்தேன். கிண்ணத்துப் பூந்தியை அப்படியே என் கைக்குட்டையில் கொட்டிக்கொண்டேன். பக்கத்து செக்‌ஷனில் வேலை செய்கிற பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "எனக்குப் பூந்தின்னா உசிரு" என்று அவளிடம் சொன்னேன். பெரிய டீச்சரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, கோபம் தணிய உள்பாவாடை பார்க்கிற சாக்கில் கீழே போய்விட்டு வந்தேன்.

அன்று இரவு வீட்டில் பிடித்துக்கொண்டேன்.

"பச்சைத் தண்ணி வாயில படலன்னு சத்தியம் பண்ணினீங்களே?"

"தண்ணி எங்கட்டி குடிச்சேன்? வாயை நனைக்கது குடிக்கதுல சேத்தியா? அது ஒரு முறை."

"முகூர்த்த மாசம் வந்தா ஒரு நாளைக்கு எத்தனை கல்யாணப் புடவை எடுத்துக் குடுப்பீங்க?"

அவர் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். காலையிலிருந்து வந்த குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் காபி, இரண்டு பூந்தி. அந்த உப்பு பிடித்துவைக்கிற தண்ணீர் வேறு. ஒரு கை விரல் தீர்ந்து மறு கைக்குப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. அதைக் குடிப்பது என்று அவர் ஒரு நாளும் நினைத்ததே இல்லை. அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம், கைக்குட்டைப் பூந்தியை நான் ஒருத்தியே தின்றேன்.

அதற்கு அடுத்த வாரம், தன்னைக் கீழ்த்தளத்தில் ஜாக்கெட் துணி செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வந்து சொன்னார். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், கீழே அனுபவசாலி ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னாராம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் பட்டு விற்றவரை, மீட்டர் துணி கிழிக்க அனுப்புகிறதா? நேரே போய் அண்ணாச்சியிடம் கேட்டுவிடுகிறேன் என்று புறப்பட்டேன். அவர்தான், ஆடி முடிந்ததும் மேலே போய்விடலாம், பேசாமல் இரு என்று தடுத்தார். அவர் மனது எவ்வளவு கஷ்டப்படும் என்று நினைத்து, அந்த மாதம் முழுக்க அவரிடம் நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

முள் இறங்க ஆரம்பித்தது. மெதுவாக, அரை கிலோ, இன்னொரு அரை கிலோ என்று. சாயங்காலம் காலைப் பார்த்தால் வீக்கம் அவர் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கிற அளவுக்குத்தான் இருந்தது. ஒரு நாள் இரண்டாவது தலையணையைத் தூக்கி என் பக்கம் போட்டார். மாடிப்படியில் நிற்காமல் ஏறி வந்ததில் கீழ்வீட்டு மாமிக்குத்தான் வருத்தம், இப்போதெல்லாம் உங்காத்துக்காரர் பேசுவதே இல்லை என்றார்.

ஆடிக் கடைசியில் பெரிய டாக்டர் எங்களைத் திரும்ப ஆழ்வார்பேட்டைக்கு அனுப்பினார். அதே அறை, அதே ஜெல். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேலே அந்த வெள்ளைக் கோடு நகர்ந்தது. கீழே சரங்கள் எதுவும் இறங்கவில்லை. டாக்டரம்மா விலாவுக்கு விலா நகர்த்திப் பார்த்தார். ஓர் இடத்தில் மட்டும் ஒற்றைச் சரம் வந்து மறைந்தது.

"அது எல்லாருக்கும் வரும், எனக்கும் வரும். நன்னா காஞ்சிருக்கு. உங்க டாக்டர் இனிமே மிஷின் பேச்சே எடுக்கமாட்டார்" என்றார். பிறகு சந்தோஷமாக, "அப்போ நான் பொண்ணைக் கூட்டிண்டு உங்க செக்‌ஷனுக்கு வரலாம்" என்றார்.

"பட்டுக்கு வேற ஆளு இருக்காவம்மா. நான் இப்ப கீழ ஜாக்கெட் துணியில நிக்கேன். அதுக்கு வாங்க" என்றார் இவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆடிக் கூட்டத்துக்குன்னு முதலாளி மாத்திட்டாருங்க. அடுத்த வாரம் மேல போயிருவாரு" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து, துண்டால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அண்ணாச்சி மாத்தல. நாந்தான் கேட்டு வாங்கிட்டுப் போனேன். இனி கீழதான். ஜாக்கெட் துணிக்கு யாரும் காபி தரமாட்டாவ."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"அந்த செக்‌ஷன் போயிரக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு பட்டோம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். "புடவை எடுக்க வந்த அன்னைக்கு இவ கீழ போயிருக்கும்போது இவ பெரிய டீச்சர் எங்கிட்ட சொன்னாவ. மிஷினுன்னு ஆச்சுன்னா இவ வேலையை விட்டுருவான்னு. பட்டு விக்கதுக்கு எங்க கடையில எத்தனையோ பேரு இருக்கான். அந்த மூணாம் வகுப்புப் பிள்ளையளுக்கு இவ ஒருத்திதானம்மா."

டாக்டரம்மா திரும்பிக்கொண்டு, அணைந்துபோன திரையில் எதையோ பார்த்தார். நான் என் வீட்டுக்காரர் முதுகுப் பக்கம் வழிந்திருந்த ஜெல்லைத் துடைக்கிற சாக்கில் பின்னால் போய் நின்று அழுதேன். அவர் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் நான் அந்தப் பாட்டிலை ஒவ்வொரு நாளும் நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதற்கு மேல் ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்தது என் வேலைக்காக.